எதற்கு எவ்வளவு எடை?

(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, அன்ன விருந்து, மலர் வெளியீடு எல்லாம் நம் கண்முன் வருகின்றன. இவை பத்து நாளில் முடிந்துவிடும். ஆனால் சேர்ந்த நிதியைக் கொண்டு என்ன செய்வது என்று நாம் எடுக்கப்போகும் தீர்மானம் அவ்வளவு எளிதில் முடியாது. அதன் நன்மையையோ தீமையையோ நம் பேரப்பிள்ளைகளும் அனுபவிப்பார்கள். எதைச் செய்யலாம் என்பதைப் பின்னர் பேசுவோம். எப்படித் தீர்மானிப்பது என்பதை இன்று காண்போம்.

பொதுக் கூட்டங்களில் தீர்மானம் எப்படிப் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உரத்த குரல் உள்ளவர் பேசுகிறார். அதிகம் நன்கொடை கொடுத்தவர் தொண்டையைக் கனைக்கிறார். மூலையில் உட்கார்ந்திருக்கும் விதவைத் தாய் வாய் திறப்பதேயில்லை. இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. "சரி, அப்படியே ஆகட்டும்" என்று எழுந்து போகிறோம். மறுநாள் காலை குழாயடியில்தான் உண்மையான கூட்டம் நடக்கிறது!

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. ஒரு பெரிய காரியத்திற்குப் பல பக்கங்கள் உண்டு. ஒருவர் செலவைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் தேவையைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாமவர் "கட்டிய பிறகு யார் நடத்துவது?" என்று கேட்கிறார். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வழி தெரியாததால் பேச்சு வளர்ந்து சண்டையில் முடிகிறது.

இந்த வழியைத் தேடியவர்கள் பலர். 1539-ஆம் ஆண்டு உரோமை நகரில் புனித இஞ்ஞாசியாரும் அவருடைய தோழர்களும் கூடினார்கள். தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படிந்து வாழும் சபையாக ஆவதா, வேண்டாமா என்பது அவர்கள்முன் இருந்த கேள்வி. அவர்கள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார்கள். ஒரு நாள், ‘வேண்டாம்’ என்பதற்குரிய காரணங்களை மட்டுமே ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்த நாள், ‘வேண்டும்’ என்பதற்குரிய காரணங்களை மட்டுமே சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கில் கட்சி கட்ட இடமேது? ஒவ்வொருவரும் இரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். அந்தக் கலந்தாய்வின் கனியே 1540-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த இயேசு சபை. இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மீகப் பயிற்சி நூலும், தேர்வு செய்கிறவன் எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்போல நடுவில் நிற்கவேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

1772-ஆம் ஆண்டு, அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு புதிய பதவியை ஏற்பதா வேண்டாமா என்று ஆலோசனை கேட்டார். அப்போது இலண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் பதில் எழுதினார். என்ன முடிவு செய்வது என்று அவர் சொல்லவில்லை. எப்படி முடிவு செய்வது என்று மட்டும் சொன்னார். ஒரு தாளின் நடுவே கோடு போடு. ஒருபுறம் சாதகமானவற்றையும் மறுபுறம் பாதகமானவற்றையும் மூன்று நான்கு நாட்கள் யோசித்து எழுது. பிறகு ஒவ்வொன்றின் எடையையும் மதிப்பிடு. இரு பக்கமும் சமமாயிருப்பவற்றை அடித்துக்கொண்டே வா. ஒரு பக்கத்தில் ஒரு காரணம், மறுபக்கத்தில் இரண்டு காரணங்களுக்குச் சமமானால் மூன்றையும் அடித்துவிடு. எஞ்சி நிற்பது எந்தப் பக்கம் என்று பார். இதுவே அவர் சொன்ன வழி.

ஒரு மனிதன் ‘ஆம், இல்லை’ என்று முடிவு செய்ய இது போதும். பல பேர் கூடி, பல திட்டங்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்க இது போதாது. இந்தக் குறையை நிறைவு செய்ய முயன்றவர்களுள் ஒருவர் தாமஸ் சாட்டி. 1926-இல் ஈராக் நாட்டின் மோசுல் நகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கி, 2017-இல் மறைந்த கணித அறிஞர் இவர். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் குறைப்பு அலுவலகத்தில் பணியாற்றினார். அங்கே விஞ்ஞானிகளும் சட்ட வல்லுநர்களும் கூடியிருந்தும், எது முக்கியம், எது அதைவிட முக்கியம் என்பதை ஒருவருக்கொருவர் விளக்க வழியின்றித் திண்டாடியதைக் கண்டார். அதன் பயனாக 1970-களில் ஒரு முறையை உருவாக்கி, 1980-இல் நூலாக வெளியிட்டார். நிலநடுக்கத்தால் அழிந்த துருக்கி நாட்டு அடாபசாரி நகர மக்களை எங்கே குடியமர்த்துவது என்று ஆராய 2001-இல் இம்முறை பயன்பட்டது.

அந்த முறை ஒரு மரம் போன்றது. அடிமரம் நம் குறிக்கோள். அதிலிருந்து பிரியும் கிளைகள் நாம் பார்க்கவேண்டிய அளவுகோல்கள். ஒவ்வொரு கிளையிலும் சிறு கொம்புகள் உண்டு, அவை உள்அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. கடைசியில், எந்தத் திட்டம் எந்தக் கொம்பில் எவ்வளவு தேறுகிறது என்று மதிப்பெண் இடுகிறோம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏதோ ஓர் ஊர்ப் பங்கில் மூன்று திட்டங்கள்: சமூகக் கூடம், சிறு மருந்தகம், மாணவர்க்கு மாலைப் படிப்பகம். மொத்த எடை 100 என்று வைத்துக்கொள்வோம். தேவைக்கு 50, செலவுக்கு 30, நடத்துவதற்கு ஆட்கள் கிடைப்பதற்கு 20. தேவை என்னும் கிளையில் இரண்டு கொம்புகள்: ஏழைகளுக்குக் கிடைக்கும் பயன் 30, பயன்பெறும் குடும்பங்களின் தொகை 20. செலவிலும் இரண்டு: கட்டும் செலவு 10, ஆண்டுதோறும் நடத்தும் செலவு 20.

இனி ஒவ்வொரு கொம்பிலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். ஏழைகளின் பயன், குடும்பங்களின் தொகை, கட்டும் செலவு, நடத்தும் செலவு, ஆட்கள் என்னும் வரிசையில் கூடத்திற்கு 4, 9, 3, 8, 8. மருந்தகத்திற்கு 9, 7, 6, 3, 3. படிப்பகத்திற்கு 8, 5, 8, 7, 7. செலவு குறைவானால் மதிப்பெண் கூடும் என்பதை மறக்க வேண்டாம். மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால், ஆயிரத்திற்குப் படிப்பகம் 700, கூடம் 650, மருந்தகம் 590. படிப்பகம் முந்துகிறது.

இப்போது கவனியுங்கள். மதிப்பெண் எதையும் மாற்றாமல், இரண்டே இரண்டு எடைகளை மட்டும் இடம் மாற்றுவோம். ஏழைகளின் பயனுக்கு 20, குடும்பங்களின் தொகைக்கு 30. இப்போது கூடம் 700, படிப்பகம் 670, மருந்தகம் 570. கூடம் முந்திவிட்டது!

எனவே அந்த ஊரார் உண்மையில் பேசித் தீர்க்கவேண்டிய கேள்வி, கூடமா படிப்பகமா என்பதன்று. ‘நமக்குப் பெரிது எது? பலருக்குச் சிறு நன்மையா, எளியவர் சிலருக்குப் பெரு நன்மையா?’ என்பதே கேள்வி. இதற்குக் கணக்கு பதில் சொல்லாது. நம் மனச்சாட்சிதான் சொல்லவேண்டும். எடையைத் தாளில் எழுதும்போது, நாம் எதை நேசிக்கிறோம் என்பதையே எழுதுகிறோம்.

இம்முறையில் சில கண்ணிகளும் உண்டு. முதலாவது, தனக்கு வேண்டிய திட்டத்திற்காக ஒருவர் கொம்புகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம். கல்யாணத்திற்கு உதவும், கூட்டத்திற்கு உதவும், விருந்துக்கு உதவும் என்று அடுக்கலாம். இதற்கு மருந்து, கிளையின் எடையைத்தான் கொம்புகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்னும் விதி. தகப்பனுக்கு மூன்று ஏக்கர் நிலம் என்றால், பிள்ளைகள் மூவரானாலும் அறுவரானாலும் பங்கிடுவதற்கு உள்ளது மூன்று ஏக்கர்தானே!

இரண்டாவது, ஒன்றில் மிகுதியான மதிப்பெண் மற்றொன்றில் உள்ள பெருங்குறையை மூடி மறைத்துவிடும். ஆகவே விலக்கவே முடியாத நிபந்தனைகளைத் தராசுக்கு வெளியே முதலிலேயே வைத்துவிட வேண்டும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில் பெயர் எழுதுவதற்கு முன்பே தகுதி பார்த்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதவே கூடாது. அவர் எவ்வளவு படித்தவராயினும் சரி, படிப்பு அந்தக் குறையை ஈடுசெய்யாது. அதுபோல, கடன் வாங்கிக் கட்டுவதில்லை, வில்லங்கமுள்ள நிலத்தில் கட்டுவதில்லை என்று நாம் முடிவு செய்தால், அவற்றை மீறும் திட்டம் தராசில் ஏறவே கூடாது.

மூன்றாவது, நம் சொல்லே ஒன்றோடொன்று முரண்படலாம். சாட்டி, எடைகளை இரண்டிரண்டாக ஒப்பிடச் சொன்னார். இரண்டும் சமமானால் 1, ஒன்று சற்றே பெரிதானால் 3, மிகமிகப் பெரிதானால் 9. தேவை செலவைவிடப் பெரிது, செலவு ஆட்களைவிடப் பெரிது என்று சொன்ன ஒருவர், ஆட்களே தேவையைவிடப் பெரிது என்றும் சொன்னால் என்ன செய்வது? அந்த முரண்பாட்டையும் அளந்து காட்ட அவர் வழி செய்தார். அளவு 0.10-ஐத் தாண்டினால், மீண்டும் உட்கார்ந்து யோசியுங்கள் என்பது அவருடைய விதி.

அன்பர்களே, நமக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்களை மூன்று காரியங்கள் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

திட்டங்களின் வரைபடங்களைப் பிரித்துப் பார்க்கும் முன்பே எடைகளை முடிவு செய்வோம். ஒவ்வொரு குடும்பமும், பெண்களும் இளைஞரும் உட்பட, தங்கள் எடைகளைத் தாளில் எழுதித் தரட்டும். தாளுக்கு உரத்த குரல் கிடையாது. விதவைத் தாயின் தாளும் நன்கொடையாளரின் தாளும் ஒரே அளவுதான்.

முடிவான எடைகளைக் கோவில் வாசல் பலகையில் எழுதி வைப்போம். கூட்டிப் பார்த்த பிறகு, நமக்குப் பிடித்த திட்டம் தோற்றுவிட்டதே என்று எடையைத் திருத்துவது, கடைக்காரர் எடைக்கல்லின் அடியைச் சுரண்டுவதற்குச் சமம். பொய்த் தராசைத் திருமறை எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். எடை தவறு என்று உண்மையாகவே தோன்றினால், மறுபடியும் எல்லோரையும் கூட்டி, காரணத்தைச் சொல்லித் திருத்துவோம்.

மதிப்பெண் இடுவதற்குச் சான்று வேண்டும். கட்டும் செலவைக் கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் கேட்போம். எத்தனை பிள்ளைகள் விளக்கு வசதியின்றிப் படிக்கிறார்கள் என்பதை வீடு வீடாகச் சென்று எண்ணுவோம்.

இவ்வாறு செய்தாலும் கூட்டுத்தொகை நமக்கு எஜமானன் ஆகாது. அது நமக்கு ஆலோசனை சொல்லும் ஊழியன். இறுதியில் கையெழுத்திடுகிறவர்கள் நாம்தான், பொறுப்பும் நம்முடையதே. ஆனால் ஒரு நன்மை உறுதி. தன் திட்டம் தேறாத சகோதரனுக்கும் அது எந்தக் கொம்பில் பின்தங்கியது என்று கண்ணால் பார்க்க முடியும். யாரோ சூழ்ச்சி செய்தார்கள் என்னும் ஐயம் அவன் மனத்தில் தங்காது. கட்டடம் எழும்போது அவனும் ஒரு கல் எடுத்துக் கொடுப்பான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பங்கு இரண்டுபடாமல் கட்டப்படுவது ஓலைக் கொட்டகையாயினும் அது யூபிலிக்கு ஏற்ற நினைவுச் சின்னமே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர் வழக்கு. நாம் போடப்போவது ஆற்றில் அல்ல, வரும் தலைமுறையின் கையில். நன்றாக அளப்போம், எல்லோரும் சேர்ந்து அளப்போம். வரும் ஞாயிறு உங்கள் தாள்களுக்காகக் காத்திருக்கிறேன்.