தோலில் தோன்றும் புள்ளிகளும் படைகளும்
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ உரை)

 

வயிற்றிலோ நெஞ்சிலோ நோய் தோன்றினால் அது பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தோலில் தோன்றும் நோயோ கண்டார் அனைவர்க்கும் தெரிகின்றது. ஆதலின் நோயின் துன்பத்தோடு நாணமும் அச்சமும் சேர்ந்துகொள்கின்றன. நாணத்தால் மருத்துவரை நாடாது, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்வோர் பலர். அச்சத்தால், ஒரு வெண்புள்ளியைக் கண்டு பேசி முடித்த திருமணத்தை நிறுத்துவோரும் உளர். எனவே, மிகுதியாகக் காணப்பெறும் நான்கு நோய்களை வேறுபடுத்தி அறிதல் நலம் பயக்கும்.

முதலாவது தேமல். எல்லார் தோலிலும் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்பூஞ்சை, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மிகும்போது பெருகுவதால் இது தோன்றுகின்றது. மார்பு, முதுகு, கழுத்து ஆகிய இடங்களில் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுகள் படரும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போன்ற செதில் உதிரும். இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும் நோயன்று. கெட்டோகோனசோல் கலந்த ஷாம்பு அல்லது களிம்பினை மருத்துவர் கூறும் முறையில் பயன்படுத்தினால் பூஞ்சை அடங்கும். எனினும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். இதனை அறியாதார், மருந்து பயனளிக்கவில்லை என்றெண்ணிக் களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பர்.

சிறுவர் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டு இதனின் வேறானது. வயிற்றுப் புழுவே இதற்குக் காரணம் என்று கருதிப் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். உண்மையில் அது வறண்ட தோலில் உண்டாகும் மெல்லிய அழற்சியேயாம். ஈரப்பதம் காக்கும் களிம்பைப் பூசி, கடும் வெயிலைத் தவிர்த்துவந்தால் நாளடைவில் மறையும்.

இரண்டாவது படர்தாமரை. இதற்குக் காரணமான பூஞ்சை, தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழ்கின்றது. ஓரம் சிவந்து தடித்தும் நடுவிடம் தெளிந்தும் வட்டமாகப் பரவும், அரிப்பு மிகும். தொடையிடுக்கும், பாவாடை நாடா இறுகும் இடுப்பும் இதற்கு உகந்த இடங்கள். இது தொற்றக்கூடியது, துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றின் வழியாகவும் வீட்டினர்க்குப் பரவும்.

இந்நோயில் பெருந்தீங்கு விளைப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பாகும். அதனைப் பூசிய இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் மறையும். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது உடலின் எதிர்ப்பை, பூஞ்சையை அன்று. தடையின்றி அது உள்ளே பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னினும் பெரிதாக வெளிப்படும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, மாறாத தழும்புக் கோடுகள் விழும். முகம் வெளுக்கும் என்று நம்பிப் பூசும் பெண்களுக்குப் பருவும், மிகையான முடியும், எரிச்சலும் உண்டாகும். வழக்கமான பூஞ்சை மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத புதிய பூஞ்சை இனமொன்று 2020ஆம் ஆண்டில் விவரிக்கப்பெற்று, இந்தியாவின் பெயரைத் தழுவியே பெயரிடப்பெற்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படர்தாமரைக்கு மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பைத் திட்டின் மேல் மட்டுமன்றி, அதனைச் சுற்றி இரண்டு விரற்கடை அளவுக்கும் பூசுதல் வேண்டும். திட்டு மறைந்த பின்னரும் குறைந்தது இரண்டு வாரம் தொடர்தல் நன்று. நோயுள்ள வீட்டினர் அனைவரும் ஒரே காலத்தில் மருத்துவம் பெறவேண்டும். ஆடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துக, நீராடியபின் ஈர ஆடையோடு நெடுநேரம் இராது உடலைத் துவட்டுக, துண்டினைப் பகிராதிருக்க.

மூன்றாவது வெண்புள்ளி. தோலுக்கு நிறமளிக்கும் மெலனினை உண்டாக்கும் அணுக்களை, உடலின் எதிர்ப்பாற்றலே பகையெனக் கருதி அழிப்பதால் இது தோன்றுகின்றது. இதில் கிருமி இல்லை. தொட்டாலும், உடன் உண்டாலும், ஒரே ஆடையை உடுத்தாலும் தொற்றாது. மீனும் பாலும் சேர்த்து உண்பதால் வரும் என்னும் கூற்று பரவலாக உண்டு. புலால் உண்ணாத குடும்பங்களிலும் இது தோன்றுவதே அக்கூற்றின் பொய்ம்மைக்குச் சான்று. 'வெண்குட்டம்' என்னும் பழம்பெயர் தொழுநோயோடு இதனை இணைத்துப் பெரும் அநீதி செய்துவிட்டது. பரம்பரைச் சார்பு ஓரளவு உண்டெனினும், இந்நோயுடையார் பெறும் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை. களிம்பு, குறிப்பிட்ட அலைநீளமுள்ள புறஊதா ஒளி மருத்துவம், பரவாது நின்ற புள்ளிகளுக்குத் தோல் ஒட்டு எனப் பல வழிகள் இன்று உள. தொடக்கத்திலேயே செல்வார்க்குப் பயன் மிகுதி.

நான்காவது தொழுநோய். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைந்திருத்தல் இதன் தலையாய அடையாளம். தேமலிலும் வெண்புள்ளியிலும் உணர்ச்சி குன்றுவதில்லை. நார்வே நாட்டு ஹான்சன் 1873ஆம் ஆண்டில் இதன் கிருமியைக் கண்டறிந்தார். ஆகவே இது பாவத்தின் பயனன்று, கிருமியால் வரும் நோய். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் முற்றும் குணமாகும். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மையும் நீங்கும். காலந்தாழ்த்தினால் நரம்பு கெட்டுக் கைகால்கள் ஊனமுறும். சமணர்க்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணமாக இருந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை நீக்கிவிட்டது. சட்டம் விலக்கிய அச்சத்தை இல்லங்களும் விலக்குதல் தகும்.

எனவே, புதிய திட்டொன்று தோன்றின் செய்யத்தக்கவை மூன்று: அதில் உணர்ச்சி உளதா எனப் பார்த்தல்; கடைக் களிம்பைத் தவிர்த்தல்; தோல் மருத்துவரைக் காலத்தே காணுதல். மணம் பேசும் வீட்டார், வெண்புள்ளியை மறைக்கவும் வேண்டா. அது கண்டு மறுக்கவும் வேண்டா. பிற உயிர்க்கு ஊறு செய்யாமையை அறமெனக் கொண்ட குடியினர், தோலின் நிறங்கண்டு ஒரு மனத்தைப் புண்படுத்தாமையும் அவ்வறத்துள் அடங்கும் என உணர்வாராக.