கேமரா வந்துவிட்டது, வாடிக்கையாளர் எங்கே?



கிள்ளானில் வசிக்கும் ஓர் இளம் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அலுவலக வேலை. மாதத் தவணையில் நல்ல கேமரா ஒன்றும் இரண்டு லென்சும் வாங்கியிருக்கிறார். முகநூலில் பக்கம் திறந்தாயிற்று, தோழிகள் எல்லாரும் விருப்பக்குறி போட்டாயிற்று. மூன்று மாதமாகியும் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி ஒருவரும் அழைக்கவில்லை. தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. நம் சமுதாயத்தில் இப்படிச் சிறுதொழிலில் இறங்கிப் பின்வாங்கும் இளைஞர்களில் பலருக்குத் திறமைக் குறைவு இல்லை. முதல் ஐந்து வாடிக்கையாளர் கிடைப்பதற்குள் கையிருப்பும் பொறுமையும் தீர்ந்துவிடுகின்றன.

அழைப்பே வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. "பாப்பா, ஞாயிற்றுக்கிழமை கேமராவக் கொண்டு வந்துரும்மா, நம்ம வீட்டு விசேஷந்தானே" என்று அத்தை அழைப்பார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, 21-ஆம் பிறந்தநாள் என்று வரிசை நீளும். நாள் முழுக்க நின்று எடுத்து, இரவெல்லாம் கணினியில் திருத்திக் கொடுத்தால் கிடைப்பது ஒரு வேளை சாப்பாடும் பாராட்டும்தான். அந்த விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரை 'சும்மா எடுத்துக் கொடுக்கும் பிள்ளை' என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்த அழைப்பும் அதே விலையில்தான் வரும்.

உறவை முறித்துக்கொள்ளாமல் இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. படங்களோடு ஒரு ரசீதையும் கொடுக்க வேண்டும். மேலே 400 வெள்ளி என்று முழு விலையையும் எழுதி, கீழே 'அத்தைக்கு அன்பளிப்பு, கழிவு 400 வெள்ளி' என்று எழுதிவிடலாம். மொய் எழுதுவது போலத்தான். பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லும்போது அத்தை விலையையும் சேர்த்தே சொல்வார்.

சரி, காசு கொடுக்கும் வாடிக்கையாளரை யார் காட்டுவது? கல்யாண வீட்டாரைத் தேடி அலைவதைவிட, கல்யாண வீட்டார் தேடிப் போகும் ஆட்களிடம் அறிமுகமாவதே சுருக்கமான வழி. மண்டபம் கிடைத்ததும் வீட்டார் மேடை அலங்காரம் செய்பவரைப் பார்க்கிறார்கள். பிறகு சமையல், ஒப்பனை, மாலை, மேளம் என்று ஒவ்வொருவராகப் பேசி முடிக்கிறார்கள். "நல்லா படம் எடுக்கிற ஆள் யாராவது தெரியுமா?" என்ற கேள்வி இவர்களிடம் அடிக்கடி வருகிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் புடவைக் கடைக்கும் பூக்கடைக்கும் ஏறி இறங்கும் குடும்பங்கள் பாதி ஏற்பாட்டை இப்படி விசாரித்தே முடித்துவிடுகின்றன.

அந்த அலங்காரக்காரருக்கு என்ன தேவை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அவர் இரவு முழுக்க நின்று மணவறை கட்டுகிறார், பூச் செருகுகிறார், விளக்குப் போடுகிறார். விடியற்காலையில் வேலை முடிந்ததும் கைத்தொலைபேசியில் அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். அதில் ஒரு பக்கம் ஏணி நிற்கும், மறுபக்கம் பூக்கூடை கிடக்கும், விளக்குகள் எல்லாம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதற்குள் விருந்தினர் வந்துவிடுவர். கல்யாணப் படக்காரர் எடுப்பது மணமக்களின் முகத்தை. மணவறை பின்னால் மங்கலாக நிற்கும். அடுத்து வரும் வீட்டாரிடம் தம் கைவேலையைக் காட்ட அவரிடம் உருப்படியான படம் இருப்பதில்லை.

புதியவர் நுழைய வேண்டிய இடம் அதுதான். "அக்கா, காலையில ஆறு மணிக்கு வர்றேன். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம், மணவறைய மட்டும் எடுத்துத் தர்றேன், காசு வேண்டாம்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. அந்த நேரத்தில் மண்டபம் வெறுமையாக இருக்கும். வீட்டாரின் முகம் படத்தில் வராது, அன்றைய படக்காரருக்கு இடைஞ்சலும் இராது. மண்டபப் பொறுப்பாளரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, விளக்கொளிக்கு ஏற்பப் பொறுமையாகப் பத்துப் படங்கள் எடுத்து மறுநாளே அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால், அதற்குள் அவர் அந்தக் கைத்தொலைபேசிப் படத்தையே நாலு பேருக்கு அனுப்பி முடித்திருப்பார். சமையல்காரருக்கும் இதே தேவை இருக்கிறது. பாத்திரத்தின் மூடியைத் திறந்து முதல் கரண்டி விழுவதற்கு முன் எடுத்த பிரியாணிப் படம் அவருக்குப் பெரிய உதவி.

இதுவும் சும்மா எடுத்துக் கொடுப்பதுதானே என்று கேட்கலாம். அத்தை வீட்டு விசேஷத்துக்கு நாள் முழுக்கத் தேவை, அங்கே வருபவர்களும் பெரும்பாலும் அதே உறவினர்கள்தாம். அலங்காரக்காரர் வாரந்தோறும் புதுக் குடும்பத்தைச் சந்திக்கிறார், அவருக்குக் கொடுப்பது அரை மணி நேரம். அதற்கும் ஓர் எல்லை வேண்டும். மூன்று நான்கு மண்டபம் எடுத்துக் கொடுத்த பிறகும் அவர் வாயிலிருந்து பெயர் வரவில்லை என்றால் வேறோர் அலங்காரக்காரரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒப்பனைக் கலைஞரோடு பழகுவதில் பெண் படக்காரருக்குக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. மணமகள் அறையிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் ஒரு பெண் இருந்து படம் எடுப்பதையே பல தாய்மார்கள் விரும்புகிறார்கள். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒப்பனைக்காரருக்கு அது தெரியும்.

தொழிலில் ஊறிய மூத்த படக்காரர்களைப் போட்டியாளர்களாகவே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல முகூர்த்தம் உள்ள ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு அவரிடம் மூன்று வீட்டார் கேட்டிருப்பார்கள். அவரால் போக முடிவது ஒன்றுக்குத்தான். மற்ற இரண்டையும் யாரிடமாவது தள்ளிவிட வேண்டும், தள்ளிவிட்ட இடத்தில் தம் பெயரும் கெடக்கூடாது. சில மாதங்கள் துணைப் படக்காரராக அவரோடு போய் வந்தவருக்கே அந்த இடம் கிடைக்கும். அவர் அழைத்துப்போன விழாவில் தம் சொந்த அட்டையை நீட்டாமல் இருப்பது முக்கியம். அதைச் செய்தவரை எந்த மூத்தவரும் இரண்டாம் முறை அழைக்கமாட்டார்.

பெரிய படக்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளாத நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. அது திருமணப் பதிவு. 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். தேசியப் பதிவிலாகாவிலோ, துணைப் பதிவாளர் இருக்கும் ஆலயத்திலோ இது நடக்கிறது. மண்டபத்துக் கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே பதிவை முடித்துவிடும் மணமக்கள் பலர். பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். படம் பெரும்பாலும் தம்பியின் கைத்தொலைபேசியில்தான். இதற்கு 250 வெள்ளி கேட்பதாக வைத்துக்கொண்டால், பெட்ரோலுக்கும் டோலுக்கும் 20 போக மீதி 230. போக வர ஒரு மணி, எடுக்க இரண்டு மணி, திருத்த நான்கு மணி என்று ஏழு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 33 வெள்ளிகூட வரவில்லை, கேமராத் தவணையும் அதில்தான் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் 100 வெள்ளிக்கு ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே மணமக்களுக்கு இன்னொரு விழா காத்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவுப் படம் மூன்றே நாளில் கைக்கு வந்துவிட்டால் மண்டபத்துக்கு யாரை அழைப்பது என்ற பேச்சில் அந்தப் பெயர் வரும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள் வந்தும் கல்யாண ஆல்பம் வரவில்லை என்று புலம்பும் வீடுகள் நம்மிடையே உண்டல்லவா!

தாளில் செய்ய வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவில் வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்தப் பத்திரம் இருந்தால் தமிழ்ப்பள்ளி, ஆலய நிர்வாகம், இந்திய வர்த்தகச் சங்கம் போன்ற இடங்களில் தயக்கமின்றி விலைப்பட்டியல் கொடுக்கலாம். பள்ளியில் எடுக்கும் பிள்ளைகளின் படங்களை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குத் தொடக்கூடாது.

பலருக்குத் தெரியாத செய்தி படத்தின் உரிமை பற்றியது. எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவரைச் சேர்கிறது, இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. ஆகவே வாடிக்கையாளரின் படத்தை மாதிரியாகக் காட்ட அனுமதி வேண்டும். தேதி, நேரம், எத்தனைப் படம், ஒப்படைக்கும் நாள், முன்பணம் ஆகியவற்றை எழுதும் அதே தாளில் 'தேர்ந்தெடுத்த பத்துப் படங்களை மாதிரியாகக் காட்டச் சம்மதம்' என்ற வரியையும் சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிடலாம்.

ஆடி மாதம் வந்தால் கல்யாணம் இல்லை, வருமானம் இல்லை என்று புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். அலங்காரக்காரருக்கும் ஒப்பனைக்காரருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருப்பது அந்த மாதத்தில்தான். எடுத்தவற்றில் இருபது படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சின்ன ஆல்பமாகக் கட்டிக்கொண்டு, அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஆல்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.