கொத்தனார் கோர்பன்



மது விற்பனைக்குத் தடையுள்ள ஷார்ஜா மண்ணில், பிழைக்க வந்த தமிழ்ச் சொந்தங்கள் முன் நின்றுகொண்டு, ஒயின் செய்த ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். குடியைப் புகழ வரவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நம் ஊரில் பார்த்தவன் நான். பிழைக்கப் போன ஒரு கொத்தனாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவர் பெயர் அசித் ஏப்ரகாம் கோர்பன். லெபனான் மலையில் ஷுவைர் என்ற ஊரில் 1864-இல் பிறந்தவர். கல் வேலை செய்தவர். 1892-இல், மனைவி நஜீபியை ஊரில் விட்டுவிட்டு நியூசிலாந்தில் போய் இறங்கினார். மனைவியை விட்டு வருவது எப்படி என்று இந்த அவைக்கு நான் சொல்லவா வேண்டும்?

மூட்டை சுமந்து, சுரங்க ஊர்களில் சில்லறைச் சாமான் விற்றார். ஆக்லாந்தில் கடை வைத்தார். குடும்பம் வந்து சேர்ந்தது. 1902-இல் ஹெண்டர்சன் என்ற ஊரில் 10 ஏக்கர் வாங்கித் திராட்சை நட்டு, தோட்டத்துக்கு லெபனான் மலை என்றே பெயர் வைத்தார். ஷுவைரில் அவர் குடும்பம் பரம்பரையாகக் கொடி வளர்த்த குடும்பம். உளி பிடித்த கைக்குள் அந்த விவசாயமும் இருந்தது!

1908-இல் அந்தப் பகுதி மக்கள் மது விற்பனை வேண்டாமென்று வாக்களித்தார்கள். ஒயின் செய்யலாம், தோட்டத்தில் விற்கக் கூடாது. தடை எல்லைக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விற்பனைக் கூடம் வைத்தார் கோர்பன். சட்டத்தையும் மீறவில்லை, தொழிலையும் கைவிடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. 1941-இல் அவர் மறைந்தார். அவருடைய பேரன், அதே அசித் கோர்பன் என்ற பெயரோடு, 1989-இல் நியூசிலாந்தில் வைட்டாகெரே நகரத்தின் முதல் மேயரானார்.

நம்மில் பெரும்பாலோருக்கு இங்கே அப்படி வேர்விட வழி இல்லை. விசா முடிந்தால் ஊர்தான். நிலம் வாங்கி வேர்விட்டவரோடு நம்மை ஒப்பிட்டால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒன்று உண்மை. கம்பி கட்டுபவர், பெயின்டர், ஏசி மெக்கானிக் என்று விசாவில் எழுதியிருப்பதோடு ஒரு மனிதன் முடிந்துவிடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போட்டவர் இங்கே சாரம் கட்டிக்கொண்டிருக்கலாம். நெசவு தெரிந்தவர் லாரி ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் அதை யார் கேட்டார்கள்?

எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த விடுமுறை நாளில் ஒரு தொழிலாளர் குடியிருப்புக்குப் போங்கள். ஊரில் என்ன தொழில் செய்தீர்கள் அண்ணே என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை இந்த மேடையில் வாசியுங்கள்.