பழைய கருவியைக் கழற்றாதீர்கள்



போர்ட் டிக்சன் சி ரூசா கடற்கரைக்கு வருகிறவர்கள் அங்கே துறையில் வரிசையாக நிற்கும் பாய்மரப் படகுகளைப் பார்த்திருப்பார்கள். லங்காவியிலிருந்து இறங்கி வருகிறவை, சிங்கப்பூரிலிருந்து ஏறிப் போகிறவை என்று மலாக்கா நீரிணையில் ஓடுகிற படகுகள் பல இங்கே தங்கிப் போகும். அந்தப் படகுகளின் மின்கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இன்றைக்கு அந்தத் தொழிலில் பரவியிருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

படகுக்குப் புது வழிகாட்டித் திரை வாங்கியாயிற்றா, பழைய கருவி எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு என்கிறார்கள். ஆழமானி, வேகமானி, காற்றுமானி, எல்லாமே பழசாம். முப்பது வருடமாக ஒரு நாளும் பொய் சொல்லாத ஆழமானி அது! இந்தக் கரையில் லிங்கி ஆற்று வாய்ப்பக்கம் சேற்றுமேடு எங்கே எழும்புகிறது என்று அந்தப் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் குப்பையில் போடுவதற்கு எனக்கு மனம் வராது. மனம் மட்டுமில்லை, கணக்கும் ஒத்துவராது. ஆழமானியின் உணரி படகின் அடியில் துளை போட்டுப் பொருத்தியது. அதை மாற்றப் படகைக் கரையேற்ற வேண்டும். காற்றுமானியின் ஒயர் பாய்மரத்துக்குள்ளேயே உச்சிவரை ஓடுகிறது. அதை மாற்ற ஆள் மேலே ஏற வேண்டும், சில சமயம் மரத்தையே இறக்க வேண்டும். பணம் போவது அங்கேதான்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பழைய முறை என்.எம்.இ.ஏ. 0183. 1983ல் வந்தது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நொடிக்கு 4,800 பிட். எழுத்துக் கணக்கில் நொடிக்கு 480. ஒரு வாக்கியம் 82 எழுத்து வரை போகலாம் என்பதால் முழு நீள வாக்கியம் நொடிக்கு ஆறுகூடத் தேறாது. புதிய முறை என்.எம்.இ.ஏ. 2000. காரிலும் லாரியிலும் இருக்கும் கேன் தொழில்நுட்பம்தான். நொடிக்கு 2,50,000 பிட், ஒரே முதுகுத்தண்டு ஒயர், எல்லாக் கருவியும் அதில் பேசலாம், எல்லாமே கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றிப் பெட்டி வைத்தால் பழையது புதியதோடு பேசிவிடும். இது கடைக்காரருக்கும் தெரியும்.

நான் அதிக நேரம் பேச விரும்புவது மூன்றாவது ஒன்றைப் பற்றி. ஆட்டோஹெல்ம் என்ற பெயரிலும் பிறகு ரேமரின் என்ற பெயரிலும் வந்த கருவிகளில் சீடாக் என்ற தனி மொழி இருந்தது. இந்தத் துறைக்கு வரும் பழைய படகுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். மூன்றே ஒயர்: சிவப்பில் 12 வோல்ட், மஞ்சளில் செய்தி, மூன்றாவது தரை. வேகம் அதே 4,800தான். ஆனால் 0183 மாதிரி படிக்கக்கூடிய எழுத்து வராது. எட்டு பிட்டோடு ஒன்பதாவதாக ஒரு பிட் வரும். புதுச் செய்தி தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சாதாரணக் கணினித் துளையில் சொருகினால் குப்பையாகத் தெரியும்.

இந்த மொழியின் இலக்கணத்தை நிறுவனம் வெளியில் சொல்லவில்லை. தாமஸ் க்னாவ்ஃப் என்ற ஜெர்மானியர் அதைப் பைட் பைட்டாகப் பிரித்து, எது ஆழம், எது வேகம், எது காற்று என்று பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். இந்தத் தொழிலில் என் குரு யார் என்று கேட்டால், நேரில் பார்த்திராத இந்த மனிதரைத்தான் சொல்வேன்.

அவர் பட்டியலின்படி ஆழத்தை எப்படிப் படிப்பது? செய்தி 00 என்று தொடங்கினால் அது ஆழம். கடைசி இரண்டு பைட்டில் எண் இருக்கும், சிறிய பகுதி முதலில் வரும். அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் அடிக்கணக்கு. பதினாறின் அடிமானத்தில் 64 என்று வந்தால் நம் கணக்கில் 100. பத்தால் வகுத்தால் பத்து அடி, ஏறக்குறைய மூன்று மீட்டர். திரையில் மீட்டர் காட்டினாலும் ஒயரில் ஓடுவது அடிதான். நங்கூரம் போட்ட படகில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்த எண்கள் ஓடுவதையும் பெட்டியில் ஆழம் மாறுவதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்போது வருகிற மகிழ்ச்சிக்கு ஈடே கிடையாது.

நான் முதலில் வேலை கற்றது இங்கே போர்ட் டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில். காற்றழுத்தத்தில் ஓடிய பழைய மானிகள் 4 முதல் 20 மில்லியாம்ப் மின்னோட்டத்துக்கு மாறி, பிறகு கணினிக்குப் போன கதையை அங்கே மூத்தவர்கள் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, வெட்டுறதுக்கு முன்னாடி அளந்து பாரு. அளக்கிறதுக்கு முன்னாடி கேட்டுப் பாரு." க்னாவ்ஃப் செய்ததும் அதுதானே.

இப்போது முக்கியமான விஷயம், காது கொடுத்துக் கேளுங்கள். பழைய காட்சிப்பெட்டியைக் கழற்றாதீர்கள். உச்சியில் சுழலும் காற்றுமானி எண் எதுவும் அனுப்புவதில்லை, ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத்தான் அனுப்புகிறது. அதைக் கோணமாகக் கணக்குப் போடுவது கீழே இருக்கும் பழைய பெட்டி. அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு, உச்சி ஒயரைப் புதிய வலையில் செருகப் பார்க்கிறார்கள், பிறகு காற்று வரவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன், பழைய காட்சிப்பெட்டியைக் கழற்றாதீர்கள். மாற்றிக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அதுதான்.

அடுத்தது, ஒரு செய்திக்கு ஒரே மூலம். பழைய வலையிலிருந்து ஆழம் புதியதுக்குப் போகிறது, மாற்றி அதையே திருப்பிப் பழையதுக்கு அனுப்புகிறது என்றால் செய்தி வட்டமடிக்கும், எண் துள்ளும். ஆழம் ஒரு பக்கமிருந்து வந்தால் அந்தப் பக்கமிருந்து மட்டுமே வரட்டும். ஒரு செய்திக்கு ஒரே மூலம்.

புதிய வலையின் முதுகுத்தண்டைச் சோதிப்பதும் எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்தி ஒயர் இரண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் இரு முனையிலும் இருக்க வேண்டிய முனைத்தடைகளில் ஒன்று விழுந்துவிட்டது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சொருகிவிட்டார்.

நம் கரைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. இந்த நீரிணையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்டச் சுழி. திசைகாட்டி அனுப்புவது காந்தத் திசை. மாற்றிப் பெட்டி அதை உண்மைத் திசை என்று தவறாக முத்திரை குத்தி அனுப்பினாலும் சி ரூசாவில் ஒருவருக்கும் தெரியாது, எல்லா எண்ணும் ஒத்துப்போகும். அதே படகு இந்துமாக் கடலைக் கடந்து மொரிஷியஸ் போகும்போது வித்தியாசம் 15 பாகைக்கு மேல் போய்விடும். அப்போது படத்தில் படகின் மூக்கு வேறு பக்கம் பார்க்கும், தானியங்கிச் சுக்கானும் தடுமாறும். அதனால் இங்கே எண் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். செய்தியில் இருக்கும் முத்திரையைத் திறந்து பாருங்கள்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு இடி எப்படிப்பட்டதென்று செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். 0183ல் கேட்கும் பக்கம் ஒளியால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மாற்றிப் பெட்டி வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். நேரடியாக விழும் இடியை அது தடுக்காது. பக்கத்தில் விழும் இடியால் ஒயரில் பாயும் சின்ன அதிர்ச்சியிலிருந்து பல கருவிகளைக் காப்பாற்றும்.

புதுத் திரையை நான் வெறுக்கவில்லை. இரவில் கப்பல் பாதையை ஒட்டிப் போகும்போது எதிர்வரும் கப்பல்களைப் படத்தோடு காட்டுவது பெரிய உதவி. ஆனால் அந்தத் திரைக்கு ஆழம் சொல்ல முப்பது வருட ஆழமானியே போதும்.

சிலியாவ், லுக்குட், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் மின்வேலை படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மீட்டர், ஒரு மடிக்கணினி, க்னாவ்ஃப் வெளியிட்ட பட்டியல். பட்டியல் இலவசம். பழைய படகுகள் இந்தத் துறைக்கு வந்துகொண்டேதான் இருக்கும், அவற்றின் ஒயரைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. தொழில் கற்க ஆசையிருந்தால் வாருங்கள், சொல்லித் தருகிறேன்.