அலைபாயும் மனத்துக்கு ஒரு கரை

சில குழந்தைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். திண்ணையில் உட்கார வைத்தால் அடுத்த கணம் தெருவில் நிற்பார்கள். கேள்வி முடியுமுன்னே விடை சொல்வார்கள். பள்ளிக்குக் கொண்டுபோன பென்சில் வீடு திரும்பாது. வேறு சில குழந்தைகள் ஓடுவதுமில்லை, குதிப்பதுமில்லை. கண்ணைத் திறந்தபடியே மனத்தால் எங்கோ போயிருப்பார்கள். முன்னவரை ‘வால்’ என்றும் பின்னவரை ‘மந்தம்’ என்றும் ஊர் அழைக்கும். இவர்களுள் சிலருக்கேனும் இருப்பது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது மருத்துவர்கள் கூற்று. சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். அத்துடன் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, குடும்பமும் நடத்துகிறவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். வாழ்க்கைக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே மருத்துவர் முடிவு சொல்வார். உலகக் கணக்குப்படி குழந்தைகளுள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இந்நிலை காணப்படுகிறது.

கைப்பேசி வந்த பிறகு வந்த வியாதி இது என்று பலர் எண்ணுகிறார்கள். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கவனம் நிலைகொள்ளாத மனத்தைப் பற்றி 1798-லேயே எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இது இருப்பதை அவர் கண்டார்; எனினும் இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே கருதினார். இன்றைய விஞ்ஞானம் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டது. இக்குழந்தைகளின் மூளைப் புறணி முதிர்ச்சி அடைவதில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பின்தங்குகிறது என்று 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வயதுக்கேற்ற அடக்கத்தை அந்தப் பிள்ளையிடம் எதிர்பார்த்துவிட்டு, அது இல்லையே என்று அடிப்பதில் நியாயம் உண்டா?

இது பெரிதும் பரம்பரையாக வருவது. என் மகனுக்கு எட்டு வயதானபோது அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவனைப் பற்றிக் கேள்வி கேட்கக் கேட்க, என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டிலேயே எனக்கும் பரிசோதனை நடந்தது. நாற்பத்தொரு வயதில் என் சுபாவத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

நான் படித்தது திருமயத்தை அடுத்த ஒரு கிராமத்தில். ஓர் ஆசிரியர் என்னைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தே அந்த வருஷத்தைக் கழித்தார். அடுத்த வகுப்பு ஆசிரியர் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார். கரும்பலகையைத் துடைப்பது, குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது, சிலேட்டுகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. கணக்குப் பத்தையும் ஒருசேரத் தரமாட்டார், இரண்டிரண்டாகத் தருவார். அவர் எந்த மனநூலையும் படித்தவரல்லர். ஆனால் இன்று நிபுணர்கள் சொல்லும் உபாயங்கள் ஏறத்தாழ இவைதாம்: கட்டளைகள் ஒவ்வொன்றாக வரவேண்டும், வேலையைச் சிறு துண்டுகளாக்க வேண்டும், நடமாட இடம் கொடுக்க வேண்டும், செய்து முடித்ததை உடனே பாராட்ட வேண்டும்.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை இன்னும் சிலர் சொல்கிறார்கள். பள்ளியில் உடல் தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாதென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. ஓயாத வசவுகளால் கவனம் வளராது. ‘நான் உருப்படாதவன்’ என்ற எண்ணமே வளரும். கோளாற்றைவிட அந்த எண்ணந்தான் ஒரு வாழ்க்கையை அதிகமாகக் கெடுக்கிறது. சத்தமின்றிக் கனவு காணும் பெண் குழந்தைகளை யாரும் கவனிப்பதே இல்லை. அவர்களுக்கு உதவி இன்னும் தாமதமாகவே வருகிறது.

கற்பவரைக் குறை சொல்லாமல் கற்பிக்கும் முறையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் முன்பே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், திருமதி ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, இங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்றது. பள்ளிக்கு வர இயலாதவர்களை நாடிப் பாடமே சென்றது. எழுத்தோடு மிதிவண்டியும் பழகிய பெண்கள் ஆயிரக்கணக்கானோர். இவர்களுக்கு எழுத்து ஏறாது என்று யாரேனும் முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களிடம் காட்டிய பொறுமையில் ஒரு பங்கை நம் வகுப்பறைகளில் அலைபாயும் சிறுவனுக்கும் காட்டலாமல்லவா?

வயது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஓட்டமும் குதிப்பும் குறையும் என்பது மெய். ஆனால் கவனக்குறைவும் அவசரமும் பலரிடம் தங்கிவிடுகின்றன. சாலை விபத்து, கடன், மனச்சோர்வு ஆகியவை இவர்களை மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கின்றன. ஆகவே தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். நான் நில அளவையாளன். வரப்பில் நடந்து, அளவைக் கல்லைத் தேடி, புலப்படத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலையில் என் மனம் சிதறுவதே இல்லை. மேஜை மேல் கோப்பு சேர்ந்தால்தான் தொல்லை. அதனால் காலையில் முதல் ஒரு மணி நேரம் கோப்புக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

இல்லறத்தில் இந்தக் கோளாறு வேறு வடிவம் கொள்கிறது. மனைவி சொன்னது காதில் விழுந்திருக்கும், நினைவில் நிற்காது. தன்னை மதியாததால்தான் கணவன் மறந்தான் என்று அவள் எண்ணுவது இயற்கை. பெயர் தெரிந்த பின் எங்கள் வீட்டில் அந்த வருத்தம் குறைந்தது. ஆயினும் பெயரைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவ எனக்கு உரிமையில்லை. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி; மின்கட்டணத் தேதிக்கு நாட்காட்டியில் ஒரு வட்டம்; சந்தைக்குப் போகச் சட்டைப் பையில் ஒரு சீட்டு. கோபம் வந்தால் பதில் சொல்லுமுன் ஒரு முறை கொல்லைக்குப் போய் வருவது என் வழக்கம்.

இம்மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பெய்யும் மழையைத் தேக்கக் கரையும் மடையும் கலிங்கும் கட்டினார்கள் நம் முன்னோர். கரை இல்லாத நீர் ஒரே நாளில் ஓடிவிடும்; கரைக்குள் நின்ற நீர் நெல்லை விளைவிக்கும். ஆணியும் சீட்டும் நாட்காட்டியும் என் மனத்துக்கு வாய்த்த கரைகள். கண்மாய்க் கரையைப் போலவே இவற்றையும் ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும்.

மருந்தும் உண்டு. மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை ஸ்விட்சர்லாந்தில் 1944-இல் உருவாக்கினார்கள். தக்கவருக்கு அது நல்ல பலன் தருகிறது. பசிக் குறைவு, உறக்கக் குறைவு போன்ற விளைவுகளும் ஏற்படலாம். மருத்துவர் கண்காணிப்பிலேயே அதை உட்கொள்ள வேண்டும். நாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் பெறும் பயிற்சியே முதல் சிகிச்சை. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை ஒன்று இருந்தால், ‘ஏன் இப்படி இருக்கிறாய்?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. ‘எது இருந்தால் உனக்குச் சுலபமாக இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அதற்குத் தெரியும். பொறுமையாகக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.