எட்டாவது கம்பி

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒஸ்லோவில் இப்போது இரவு ஏழு மணி. கனடாவில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அவுஸ்திரேலியாவில் இருந்து யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் நித்திரையைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும்.

இலக்கியக் கூட்டத்தில் பிரிண்டர் வயரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, ‘சரி அக்கா, அரை மணித்தியாலம்’ என்றார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

என்னுடைய மாமா, அம்மாவின் அண்ணன், 1980களில் நோர்வேக்கு வந்தவர். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். மூன்று மாரிக்கு முன்னர் காலமானார். போன செப்டம்பரில் மாமி வீடு மாறவேண்டி வந்தது. நிலவறையில் இருந்த களஞ்சிய அறையை ஒதுக்க நானும் என் மகனும் போனோம். குளிர்காலச் சில்லுகள், உடைந்த சறுக்குப் பலகை, அரிசிச் சாக்குகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கொமடோர் 64 இருந்தது. பக்கத்தில் ரொட்டிப் பெட்டி அளவில் அதன் டிஸ்க் டிரைவ், கனமான ஒரு டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு பெட்டி நெகிழ்வட்டுகள்.

‘பிள்ளை, அதை மட்டும் எறிஞ்சுபோடாதை. கொப்பம்மான்ரை நவம்பர் லிஸ்ட் அதுக்குள்ளைதான் கிடக்கு’ என்றார் மாமி.

நவம்பர் கத்தோலிக்கர்களுக்கு மரித்தோரை நினைக்கும் மாதம். மாமா ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பட்டியல் அச்சடித்து புனித ஒலாவ் பேராலயத்துக்கு வரும் தமிழ் ஆட்களுக்குக் கொடுப்பார். பெயர், ஊர், இறந்த ஆண்டு. குருநகர், பாஷையூர், நாவாந்துறை, இளவாலை, பேசாலை, முல்லைத்தீவு. ஊரில் இருந்து கடிதமும் தொலைபேசியும் வர வர அது நீண்டது. கடைசியில் இருநூறுக்கு மேல் பெயர்கள். தாளாகக் கொடுத்தது எதையும் ஒருவரும் வைத்திருக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் தாள் போய்விடும். மிஞ்சியது வட்டில் இருந்ததுதான்.

கொமடோர் 64 வந்தது 1982இல். உலகத்தில் அதிகம் விற்ற வீட்டுக் கணினிகளில் ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பாவிக்கலாம். அதற்குத் தமிழ் தெரியாது. நோர்வேஜிய மொழிக்கும் அன்றைக்குக் கஷ்டந்தான். ஏழு பிட் அட்டவணையில் 128 இடங்கள்தான் இருந்தன. ஆங்கிலம் அவற்றை நிரப்பிவிட்டது. நோர்வேக்காரர் அடைப்புக்குறிகள், சாய்கோடு போன்றவற்றை எழுப்பிவிட்டு அந்தக் கதிரைகளில் தங்கள் மூன்று எழுத்துகளை உட்காரவைத்தார்கள். பிரிண்டருக்குள் இருந்த சின்னஞ்சிறு சுவிட்சுகளைத் தட்டினால் அதே எண்ணுக்கு அமெரிக்காவில் அடைப்புக்குறியும் நோர்வேயில் எழுத்தும் விழும். 1984இல் ஒஸ்லோவிலேயே ‘டிக்கி 100’ என்று பள்ளிகளுக்காக ஒரு கணினி செய்தார்கள். முதலில் வைத்த பெயர் ‘கொன்டிக்கி’. அப்போது நோர்வேயின் சனத்தொகை நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு சிறிய கூட்டம் தன் மொழிக்கென்று ஒரு கணினியே செய்தது. எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. நம்மிலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1980களின் நடுவில் கனடாவில் ‘ஆதமி’யும் மலேசியாவில் ‘முரசு’வும் பிறந்தன. ஆனால் அவை மாமாவின் கணினிக்கு உரியவை அல்ல.

மாமா என்ன செய்தார் என்றால், எழுத்தை அனுப்பாமல் எழுத்தின் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினார்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கட்டம் போட்ட கொப்பித் தாள் ஒன்றை மனதில் நினையுங்கள். பிரிண்டர் தலையில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள். படம் அச்சடிக்கும்போது மேலிருந்து எட்டு ஊசிகள் வேலை செய்யும். மேல் ஊசிக்கு விலை 128. அடுத்தது 64, பிறகு 32, 16, 8, 4, 2, 1. எந்த ஊசிகள் குத்தவேண்டுமோ அவற்றின் விலையைக் கூட்டி ஓர் எண்ணாக அனுப்பினால் ஒரு செங்குத்துக் கோட்டுக்கு உரிய புள்ளிகள் விழும். தலை ஒரு படி நகரும். அடுத்த எண். மாமாவின் ‘ட’ இப்படி: 62, 2, 2, 2, 2, 2. முதல் எண் நிற்கும் கோடு, மிச்சம் அடிக்கோடு. கடைசி எண்ணை 62 ஆக்கினால் ‘ப’. நடுவில் ஒரு 2ஐ 130 ஆக்கினால், அதாவது 128ஐக் கூட்டினால், தலையில் ஒரு புள்ளி விழும். அதுதான் ‘ப்’. கு, ரு, ழு போன்று கீழே இறங்குகிறவற்றுக்கு இரண்டாம் வரிசை ஒன்று போட்டு, காகிதம் இடைவெளி விடாமல் நகரச் செய்திருந்தார். புரோகிராமுக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஆங்கில எழுத்தில் ‘பானா’, ‘டானா’ என்று குறிப்பு. வாத்தியார் வாத்தியார்தான்.

அவர் ஏன் கொமடோரின் சொந்தப் பிரிண்டரை வாங்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. அதை இணைப்பது மிகச் சுகம். ஆறு முனை வட்டச் செருகி, பிரிண்டருக்கு இலக்கம் 4, டிஸ்க் டிரைவுக்கு 8, ஒன்றின் முதுகில் ஒன்றைக் கொழுவலாம். ஆனால் அவர்களுடைய மலிவான எம்பிஎஸ் 801 படம் வரையும்போது ஒரு கோட்டில் ஏழு புள்ளிகள்தான் போடும். எட்டாவது இல்லாவிட்டால் அவர் வரைந்த எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க இடமில்லை. அதனால் எப்சனின் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் வேறு பிரிண்டர் ஒன்றை வாங்கி, கணினியின் பின்னால் இருக்கும் ‘யூசர் போர்ட்’ என்ற வாயில் இருந்து தானே வயர் இழுத்திருந்தார்.

அந்த வயரை எலி தின்றுவிட்டது.

முதலில் வட்டுகளை நகலெடுத்தோம். பழைய வட்டை டிரைவில் போட்டுப் போட்டுப் பார்க்கக்கூடாது. பூஞ்சணம் இருந்தால் வாசிக்கும் தலையே வட்டைச் சுரண்டிவிடும். ‘சூம்ஃபுளொப்பி’ என்று ஒரு சின்ன இணைப்பான் இருக்கிறது. பழைய டிரைவை இன்றைய கணினியின் யூஎஸ்பியோடு சேர்க்கும். அதால் வட்டுகளை அப்படியே கோப்புகளாக எடுத்தோம். ஒன்று போய்விட்டது, மற்றவை வந்தன. ஆனால் திரையில் பட்டியலைத் திறந்தால் கொமடோரின் பூக்குறியும் இதயக்குறியும் கட்டங்களும்தான். எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்பது மாமாவின் அச்சடிக்கும் புரோகிராமுக்கு மட்டும் தெரியும். மாமா தான் எழுதியதைத் திரையில் ஒருநாளும் தமிழாகப் பார்த்ததில்லை. தாள் வெளியே வந்த பிறகுதான் வாசித்திருக்கிறார்.

மகன், ‘அம்மா, இதை எமுலேட்டரில் போட்டுப் பார்க்கலாம், பிரிண்டர் வேண்டாம்’ என்றான். செய்திருக்கலாம். மாமிக்குத் தாள் வேண்டும், அதே பிரிண்டரில் வேண்டும். எண்பது வயது மனுசியோடு வாதாட எனக்குத் துணிவில்லை.

கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையில் நடப்பது நாங்கள் விடுதியில் நோயாளிக்குக் குளிசை கொடுப்பது மாதிரித்தான். எட்டுக் கம்பிகளில் ஓர் எண்ணை வைக்கவேண்டும். இன்னொரு கம்பியில் ‘எடுங்கோ’ என்று தட்டவேண்டும். ‘விழுங்கிட்டன்’ என்று மறுகம்பியில் பதில் வரும்வரை அடுத்ததைக் கொடுக்கக்கூடாது. பிரிண்டர் பக்கம் 36 முனைச் செருகி, சென்ட்ரோனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படுவது. அதில் 1ஆம் முனை தட்டுவது, 2 முதல் 9 வரை எண்ணைத் தாங்குபவை, 10ஆம் முனை ‘விழுங்கிட்டன்’. கணினிப் பக்கம் எண்களுக்கு ‘சி’ முதல் ‘எல்’ வரை எழுத்திட்ட எட்டு முனைகள். இணையத்தில் பழைய பொருள் விற்கிற ஒருவரிடம் பாதி வயர் ஒன்று வாங்கினோம். பிரிண்டர் பக்கத் தலை மட்டும் இருந்தது. மறுபக்கத்தை மகன் பற்றவைத்தான். காய்ந்த ரிப்பனுக்கு மை ஏற்றினோம்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மாமி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது. தமிழ் வந்தது! ஆனால் எப்படி வந்தது தெரியுமா? குருநகர, மனனார, பாஷையூர. ஒரு புள்ளியும் இல்லை. ‘கீ’, ‘மீ’ போன்றவற்றின் சுழியில் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. வலது ஓரத்தில் ஆண்டு வரவேண்டிய இடத்தில் அம்புமுனைகளும் மேற்கோள் குறிகளும் நட்சத்திரங்களும். நடுவில் திடீரென்று காகிதம் தானாகவே அடுத்த பக்கத்துக்கு ஓடியது.

நான் சமாளிக்கப் பார்த்தேன். ‘மாமி, ஓலைச்சுவடியிலை புள்ளி வைக்கிறேல்லை. தொல்காப்பியர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னாலும் எழுதினவை ஓலை கிழியுமெண்டு விட்டவை. எங்கடை ஆக்கள் அப்பிடியே வாசிச்சவைதானே.’

மாமி தாளைத் திருப்பிக் கொடுத்தார். ‘இதிலை என்ரை தம்பின்ரை பேரும் கிடக்கு. அவன் நவாலிக் கோயில்லை செத்தவன். புள்ளியும் இல்லாமல் வருசமும் இல்லாமல் நான் இதை வாசிக்கமாட்டன்.’

நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் குண்டு விழுந்தது 1995 ஜூலை 9. அடைக்கலம் தேடிப் போன சனம். அந்த வருடப் பட்டியலில்தான் மாமா அதிகம் பெயர் சேர்த்திருக்கிறார். அதன் பிறகு இன்னும் ஒரு வருடப் பட்டியல், அதோடு முடிந்துவிட்டது.

மேல் ஊசி செத்துப்போயிற்று என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மகன் ஒரு பொத்தானை அமத்திக்கொண்டு பிரிண்டருக்கு மின்சாரம் கொடுத்தான். அப்படிச் செய்தால் கணினி இல்லாமலே அது தன் எழுத்துகளை எல்லாம் அச்சடித்துக் காட்டும். மேல் ஊசி நன்றாகவே குத்தியது. நோயாளியில் குறையில்லை.

அன்றிரவு புள்ளிகளை விட்டுவிட்டு அந்த அம்புமுனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணையில் அம்புமுனைக்கு இலக்கம் 62. மேற்கோள் குறிக்கு 34, நட்சத்திரத்துக்கு 42. மாமாவின் பூச்சியம் எப்படி? 62, 34, 34, 34, 62. அப்படியானால் பிரிண்டர் வலது ஓரத்துக்கு வந்ததும் எண்களைப் படமாக எடுக்காமல் எழுத்தாக எடுத்திருக்கிறது. காகிதம் ஓடியதற்கும் அதுதான் காரணம். 12 என்பது படத்தில் இரண்டு புள்ளிகள், எழுத்தாக எடுத்தால் ‘பக்கத்தைத் தள்ளு’ என்ற கட்டளை.

ஏன் அந்த இடத்தில் மாறியது? ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாமா சொல்கிறார்: 27, 75, 224, 1. ‘இனி வருவது படம். எத்தனை கோடு என்றால் 224, அதோடு ஒரு 256.’ மொத்தம் 480. புள்ளிக்கு உரிய 128 எல்லா இடத்திலும் தொலைகிறதென்றால் இந்த 224இலும் தொலையும். 96 ஆகும். 96உம் 256உம் 352. பிரிண்டர் 352 கோடுகளைப் படமாகப் போட்டுவிட்டு, மிச்சம் 128ஐயும் எழுத்து என்று எடுத்துக்கொண்டது. தாளில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அங்குலத்துக்கு 60 கோடு. ஆறு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக இருந்த இடத்தில்தான் அம்புமுனை தொடங்கியிருந்தது.

புள்ளி இல்லாததும் வருடம் இல்லாததும் ஒரே வருத்தம். எட்டாவது கம்பி.

காலையில் வாங்கிய வயரின் தலையைக் கழற்றினோம். 9ஆம் முனையை யாரோ தரைக்கம்பியோடு சேர்த்து அழகாகப் பற்றவைத்திருந்தார்கள். பிழை என்று சொல்லமுடியாது. அம்ஸ்ட்ராட் சிபிசி போன்ற சில வீட்டுக் கணினிகள் பிரிண்டருக்கு ஏழு பிட்தான் அனுப்பும், எட்டாவதைத் தரையில் கட்டிவிடுவது வழக்கம். ஆங்கிலக் கடிதம் அடிக்கிறவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. நாங்கள் எட்டுக் கம்பியையும் பற்றவைத்தோம், ஆனால் தலைக்குள் பார்க்கவில்லை. கொமடோரின் சிப் எரியாமல் தப்பியது மாமாவின் புண்ணியம். மகன் அந்த ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ‘எல்’ முனையில் இருந்து வந்த கம்பியை மட்டும் 9இல் விட்டான்.

நவம்பர் 2, மரித்தோர் திருநாளுக்கு முதல்நாள் மாமியிடம் தாளைக் கொடுத்தோம். துளையிட்ட ஓரங்களைக் கிழிக்கவேண்டாம் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிறகு பேனை கேட்டு, கடைசிப் பெயருக்குக் கீழே மாமாவின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதினார்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருடைய நிலவறையிலாவது இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஊர்ச்சங்க மலர், நாடகப் பிரதி, கோயில் கணக்கு என்று ஏதாவது. வட்டை நகலெடுத்தால் மட்டும் காணாது. அச்சடிக்கும் புரோகிராம் இருக்கும் வட்டையும் சேர்த்து எடுங்கள். பிரிண்டரின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதிவையுங்கள். வயரையும் எறியவேண்டாம்.

எங்களுக்கு இன்னும் 1991, 1992 பட்டியல்கள் பாக்கி. நாங்கள் மை ஏற்றிய ரிப்பன் இரண்டாம் பக்கத்திலேயே வெளிறிவிட்டது. ஒன்பது ஊசி எப்சன் வகைக்குப் பொருந்தும் ரிப்பன் யாரிடமாவது இருந்தால் கேள்வி நேரத்தில் கையை உயர்த்துங்கள்.