துறைமுகத்தில் பூட்டிய அந்த அறைக்குள் என்ன இருக்கிறது?



சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்துடன் தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பலேர்மோ துறைமுகப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஓர் இரவு கடும் மழை. கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் வந்துவிட்டது. காலையில் மேற்பார்வையாளர் அவரிடம் ஒரு திறப்புக் கோர்வையைக் கொடுத்து, எல்லா அறைகளையும் துடைத்துக் காயவிடச் சொல்லியிருக்கிறார். ஒரு கதவில் மஞ்சள் முக்கோணமும் மின்னல் அடையாளமும் இருந்தன. கோர்வையில் இருந்த ஒரு திறப்பு அதற்கும் பொருந்தியது. பாதி திறந்தபோது உள்ளே வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். தம்பி உள்ளே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார். அன்று மாலை என்னிடம் கேட்டார், "அண்ணை, நான் செய்தது சரியோ பிழையோ?"

இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அந்த அறையை இங்கே 'கபீனா' என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இத்தாலியில் தெருக்களின் கீழே கேபிளில் ஓடி இப்படியான கபீனாக்களுக்கு வருவது பெரும்பாலும் 15,000 அல்லது 20,000 வோல்ட். 20,000 என்றால் வீட்டு மின்சாரத்தைவிட ஏறத்தாழ 87 மடங்கு. இதைத்தான் நடுத்தர மின்னழுத்தம் என்கிறோம். ஊரில் மின்சார சபையின் 11,000, 33,000 வோல்ட் லைன்களும் இதே வகைதான்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? ஒரு பெரிய பயணிகள் கப்பலுக்கு 10 மெகாவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை 400 வோல்ட்டில் கொடுத்தால் 14,000 அம்பியருக்கு மேல் ஓடவேண்டும். அதற்கு எத்தனை கேபிள், எவ்வளவு தடிப்பில் வேண்டியிருக்கும்! அதையே 11,000 வோல்ட்டில் கொடுத்தால் ஏறத்தாழ 525 அம்பியர் போதும். அழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும், கேபிளும் மெலியும். இலாபம் அங்கேதான். ஆபத்தும் அங்கேதான்.

இப்போது அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வரிசையாக இரும்பு அலுமாரிகள். அவற்றுக்குள்ளே முதலாவது, செம்புச் சட்டங்கள். எல்லா அலுமாரிக்கும் மின்சாரத்தைப் பகிர்வது இவைதான். இரண்டாவது, பிரேக்கர். இத்தாலியர் 'இன்டெருட்டோரே' என்பார்கள். மூன்றாவது, 'செட்ஸியோனத்தோரே' என்கிற பிரிப்பு ஆளி. நான்காவது, புவித்தொடுப்பு ஆளி. ஐந்தாவது, ரிலே என்கிற காவல்காரன். ஓடும் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, அளவு மீறினால் பிரேக்கருக்குக் கட்டளை கொடுப்பது அதன் வேலை.

பிரேக்கருக்கும் பிரிப்பு ஆளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை வெட்டக்கூடியது பிரேக்கர். சுமை இல்லாதபோது, கண்ணுக்குத் தெரியும்படியாக இடைவெளி விட்டுப் பிரித்து வைப்பது பிரிப்பு ஆளி. சுமை ஓடும்போது பிரிப்பு ஆளியை இழுத்தால் அங்கே நெருப்பு வில் உண்டாகும். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகக்கூடிய வில் அது. செம்பையே ஆவியாக்கிவிடும்.

அப்படியானால் பிரேக்கர் எப்படித் தப்புகிறது? இப்போதைய பிரேக்கர்களில் காற்றே இல்லாத ஒரு குப்பிக்குள் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். அவை சில மில்லிமீற்றர்தான் பிரியும். 50 ஹேட்ஸ் மின்சாரம் ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது. அந்தப் பூச்சியக் கணத்தில் வில் அணைந்துவிடும். குப்பிக்குள் காற்று இல்லாததால் அது மறுபடி பற்றிக்கொள்ள வழியில்லை. நாங்கள் கண் இமைத்து முடிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

காற்றுக்குப் பதிலாக சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைட் என்ற வாயுவை அடைத்த அலுமாரிகளும் நிறைய உண்டு. மின்சாரத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் வெளியே கசிந்தால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 24,000 மடங்குக்கு மேல் பொல்லாதது. அதனால் 2024இல் வந்த ஐரோப்பியச் சட்டம், 24,000 வோல்ட் வரையான புதிய அலுமாரிகளில் இந்த வாயுவைப் பாவிப்பதற்கு 2026 சனவரி முதல் பொதுவாகத் தடை விதித்திருக்கிறது. ஏற்கெனவே பூட்டியவை தொடர்ந்து இயங்கலாம்.

துறைமுகத்தில் இந்த அறைகள் இனிக் கூடத்தான் போகின்றன. கப்பல் கரையில் நிற்கும்போதும் விளக்குக்கும் சமையலுக்கும் குளிரூட்டலுக்கும் தன் டீசல் இயந்திரத்தை ஓட்டுகிறது. அந்தப் புகையைத் துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நாங்கள்தான் சுவாசிக்கிறோம். 2030 முதல் பெரிய பயணிகள் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் ஐரோப்பாவின் முக்கிய துறைமுகங்களில் நிற்கும்போது, சில விலக்குகள் தவிர, கரையிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும் என்பது சட்டம். பெரிய கப்பல்களுக்குக் கொடுப்பது 6,600 அல்லது 11,000 வோல்ட். கப்பல்கள் பல 60 ஹேட்ஸில் இயங்குபவை. சிசிலியில் இருப்பது 50 ஹேட்ஸ். ஆகவே மாற்றிக் கொடுக்கும் இயந்திரமும் வேண்டும். அதைப் பராமரிக்கப் படித்த கைகளும் வேண்டும். இங்கே தொழில்நுட்பப் பாடசாலைகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி, தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பழைய கபீனாக்களில் கம்பி வலைக்குப் பின்னால் செம்புச் சட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். இந்த அழுத்தத்தில் தொட்டால்தான் அடிக்கும் என்றில்லை, கிட்டப் போனாலே பாய்ந்து அடிக்கும். ஈரமான தும்புக்கட்டையுடன் அங்கே நுழைந்திருந்தால் இன்று நான் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

"மெயினை நிற்பாட்டியாச்சு, போ" என்று யாராவது சொன்னாலும் நம்பவேண்டாம். கேபிளின் மற்றப் பக்கத்திலிருந்து மின்சாரம் வரலாம். நிற்பாட்டிய பின்னும் கேபிளுக்குள் மின்னேற்றம் தங்கி நிற்கும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்களுக்கே ஐந்து கட்டளைகள் உண்டு. எல்லாப் பக்கமும் துண்டி. மறுபடி போடமுடியாதபடி பூட்டு. மின்சாரம் இல்லையென்று கருவியால் சோதி. புவித்தொடுப்புச் செய். பக்கத்தில் உயிருடன் இருக்கும் பாகங்களை மறை. ஒழுங்கும் இதுதான், மாற்றக்கூடாது.

மற்றவர்களுக்கு நான் சொல்வது மூன்றே மூன்று. ஒன்று, மின்னல் முக்கோணம் போட்ட கதவின் திறப்பு உங்கள் கையில் இருந்தாலும் அனுமதி உங்கள் கையில் இல்லை. இரண்டு, வர்ணம் பூசுபவர்களும் சாரம் கட்டுபவர்களும், மறைப்பில்லாத 20,000 வோல்ட் லைனிலிருந்து குறைந்தது மூன்றரை மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கையில் பிடித்திருக்கும் குழாயும் ஏணியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மூன்று, உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டாம், தண்ணீரும் ஊற்றவேண்டாம். 112க்கு அழையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான பிறகே கிட்டப் போங்கள்.

இத்தாலிய மொழி சரியாக வராது, வேலை போய்விடும் என்ற பயத்தில் எங்களில் பலர் எதற்கும் "சி, சி" என்று தலையாட்டிவிடுகிறோம். இந்தக் கதவின் முன்னால் மட்டும் "நோ" என்று சொல்லப் பழகுங்கள். ஏச்சு ஒரு நாளோடு போய்விடும். அந்தத் தம்பி அன்று பின்னேரமும் வழமைபோல வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார்.